டின் மேல ஏன் குழந்தை படம் இல்லை?

இன்னிக்கு எபிசோட் ஒரு காலி டின்னில் ஆரம்பிக்குது.

2015 டிசம்பர் முதல் வாரம். கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு அந்த மழையைப் பத்தி நான் விளக்கவே வேண்டாம். நவம்பர்லயே பாதி மாவட்டம் தண்ணிக்குள்ள போயிருந்தது. முதுநகர் பக்கம் எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. அதனால அக்காவையும், பிறந்து மூணு வாரமே ஆன அவ பிள்ளையையும் சிதம்பரத்துல பெரியம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டிருந்தோம். எட்டாம் மாசத்துலயே பிறந்த பிள்ளை. அப்பத்தான் ரெண்டு கிலோவைத் தொட்டிருந்தான். அக்காவுக்குப் பால் பத்தல. டாக்டர் எழுதிக் கொடுத்த ஃபார்முலா டின்னை வெச்சு சமாளிச்சிட்டு இருந்தோம். அந்த டின் காலி.

நானும் மாமாவும் குடையைப் பிடிச்சிக்கிட்டு நாலு வீதியும் சுத்தினோம். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. எல்லா மெடிக்கல்லயும் ஒரே பதில். "தம்பி, சென்னையிலேர்ந்து வண்டி வந்து நாலு நாளாச்சு." ஏழாவதோ எட்டாவதோ கடையில ஒரே ஒரு டின் இருந்தது. அது வேற கம்பெனி டின். போன் பண்ணி டாக்டர்கிட்ட கேட்டு, அது ஒத்துக்கும்னு சொன்னப்புறம் வாங்கினோம். வர்ற வழியில அந்த டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சோப்பு டப்பாவில்கூட கொழுகொழுன்னு குழந்தை படம் போடுறான். குழந்தைக்குன்னே செஞ்ச இந்த டின்ல ஒரு குழந்தை படம்கூட இல்லை. பதிலா, தாய்ப்பால்தான் உங்கள் குழந்தைக்குச் சிறந்ததுன்னு ஒரு வாசகம். தன்னை வாங்காதேன்னு தானே சொல்ற ஒரு பொருள்!

எனக்கு அப்ப பதினெட்டு வயசு. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுட்டேன். ஏழு வருஷம் கழிச்சு, 2022 மே மாதம் ஒரு செய்தியைப் படிச்சப்பத்தான் திரும்பத் தோண்ட ஆரம்பிச்சேன்.

அந்தத் தேதியைக் குறிச்சுக்குங்க. 2022 மே 18. அன்னிக்குச் சென்னைத் துறைமுகத்துல முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் டான் பின்-99 என்ற கப்பலுக்குக் கொடி அசைச்சார். இலங்கைக்குப் போற கப்பல். உள்ளே 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்து. அதே மே 18-ஆம் தேதி வாஷிங்டன்ல அதிபர் பைடன், குழந்தைகளுக்கான ஃபார்முலா தயாரிப்பை முடுக்கிவிட, பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைப் பயன்படுத்தினார். கொரியப் போர்க் காலத்தில் போட்ட சட்டம் அது. நாலு நாள் கழிச்சு, மே 22. சென்னைக் கப்பலின் சரக்கு கொழும்பில் ஒப்படைக்கப்பட்டது. அதே நாள், ஜெர்மனியிலிருந்து கிளம்பின அமெரிக்க ராணுவ விமானம் ஃபார்முலாவோட இண்டியானாபொலிஸ்ல இறங்கியது. அதில் இருந்தது சுமார் 35 டன்.

திட்டம் போட்டுச் செஞ்ச மாதிரி இருக்குல்ல? தற்செயல்தான். ஒரு பக்கம் டாலர் தீர்ந்துபோன தீவு, இன்னொரு பக்கம் டாலரையே அச்சடிக்கிற நாடு. ரெண்டு இடத்துலயும் அதே வாரத்துல கைக்குழந்தைக்குப் பால் பவுடர் இல்லை.

இலங்கையில் நடந்தது நமக்கு ஓரளவு தெரியும். அன்னியச் செலாவணி கரைஞ்சுபோச்சு. அந்த நாடு பால் பவுடருக்குப் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருந்தது. அரசு முதல்ல விலையைக் கட்டுப்படுத்திப் பார்த்தது. கட்டுப்படுத்தின விலைக்கு இறக்குமதி பண்ண யாரும் தயாரா இல்லை, அதனால சரக்கு கடையிலிருந்து மறைஞ்சது. 2021 அக்டோபர்ல கட்டுப்பாட்டை எடுத்தாங்க, சரக்கு வந்தது, ஆனா விலை எட்டாத உயரத்துக்குப் போச்சு. 2022 மார்ச்ல 400 கிராம் பாக்கெட் 790 ரூபாய். அதே மார்ச் 22-ஆம் தேதி, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் பக்கத்துல ஒரு மணல்திட்டில் சில தமிழர்கள் தவிச்சுக்கிட்டு நின்னாங்க. கடலோரக் காவல்படை அவங்களை மீட்டுச்சு. அதில் ஒரு குழந்தைக்கு நாலு மாசம். போர் நடந்தப்ப குண்டுக்குப் பயந்து படகு ஏறினாங்க. இந்த முறை அரிசி விலைக்கும் பால் பவுடர் விலைக்கும் பயந்து ஏறினாங்க.

ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதா தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 137 வகை மருந்து, குழந்தைகளுக்காக 500 டன் பால் பவுடர். பால் பவுடருக்கு மட்டும் 15 கோடி ரூபாய். ஒரு மாநில அரசு இன்னொரு நாட்டுக்குப் பால் அனுப்புறது சாதாரண விஷயம் இல்லை, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் கவனத்துல வெச்சுக்குங்க: சாதாரண பால் பவுடர் வேற, கைக்குழந்தை ஃபார்முலா வேற. பிறந்த குழந்தைக்குச் சாதாரண பால் பவுடரைக் கரைச்சு ஊத்தக் கூடாது. அதுல இருக்கிற புரதமும் உப்பும் அந்தச் சின்ன சிறுநீரகத்துக்கு அதிகம்.

அமெரிக்கக் கதை இன்னும் விநோதம். நம்ம மொழியில சொன்னா, ஒரே சர்வர்ல எல்லாத்தையும் ஓட்டினா என்ன ஆகும், அதுதான். அங்க ஃபார்முலா சந்தையில் ஏறக்குறைய 90 சதவீதம் நாலே கம்பெனி கையில். பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலம் ஸ்டர்ஜிஸ் ஊரில் இருந்த அபாட் ஆலையை, கிருமி சந்தேகத்தால் மூடினாங்க. நாடு முழுக்க ஷெல்ஃப் காலி. ஏழைத் தாய்மார்களுக்கு அரசே ஃபார்முலா வாங்கித் தர்ற திட்டம் அங்க இருக்கு, நாட்டில் விற்கிற ஃபார்முலாவில் பாதி அதன் வழியாத்தான் போகுது. அந்தத் திட்டத்துல ஒவ்வொரு மாநிலமும் ஒரே கம்பெனியோட ஒப்பந்தம் போடும், தள்ளுபடி நிறைய கிடைக்கும்னு. மலிவா இருக்கட்டும்னு செஞ்ச ஏற்பாடுதான் மாற்று இல்லாம பண்ணிடுச்சு. கூடவே வெளிநாட்டு டின்னுக்கு எக்கச்சக்க வரி. ஜூன்ல அந்த ஆலையைத் திரும்பத் திறந்தாங்க. பத்து நாள்ல பெருமழை பெஞ்சு ஆலைக்குள்ள தண்ணி வந்து மறுபடி மூடினாங்க. இதைப் படிச்சப்ப கடலூர்க்காரனா எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

ஆக, கப்பலோ விமானமோ, ரெண்டு அரசும் சொன்ன பதில் ஒண்ணுதான்: எங்கிருந்தாவது பவுடரைக் கொண்டு வா. நம்ம நாட்டுக்கும் ஒரு காலத்துல இதே கேள்வி வந்தது. அப்ப சொன்ன பதில் வேற.

1950-கள். கிளாக்ஸோ, ஆஸ்டர்மில்க், லாக்டோஜன் எல்லாம் கப்பல்ல வந்து இறங்கின காலம். நகரத்து நடுத்தர வர்க்க வீடுகள்தான் வாடிக்கையாளர்கள். 1957 வாக்கில் இந்தியாவுக்குக் கடுமையான அன்னியச் செலாவணி நெருக்கடி. இயந்திரம் வாங்கவா, பால் டின் வாங்கவா? அரசு இறக்குமதியை இறுக்கியது. அப்ப நாமே ஏன் செய்யக் கூடாதுன்னு கேள்வி வந்தது. ஆனா உலகத்துல எல்லாரும் பசும்பாலில் செய்றாங்க, நம்மகிட்ட மிகுதியா இருந்தது எருமைப்பால். எருமைப்பாலைப் பவுடர் ஆக்கவே முடியாதுன்னு வெளிநாட்டு நிபுணர்கள் அடிச்சுச் சொன்னாங்க.

இங்கதான் நம்ம சீனியர் ஒருத்தர் வர்றார். வர்கீஸ் குரியன். பால்காரர்னு நினைச்சா தப்பு, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவர். குஜராத்தில் ஆனந்த் ஊருக்குப் போய், கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் சங்கத்தோட நின்னவர். அவரோட தொழில்நுட்ப மூளை எச்.எம்.தலாயா. எருமைப்பாலைப் பவுடர் ஆக்க முடியும்னு செஞ்சு காட்டினவர் தலாயாதான். 1955 அக்டோபர் 31 அன்று நேரு ஆனந்த்தில் பவுடர் ஆலையைத் திறந்துவைத்தார். குரியன் பேரு எல்லாருக்கும் தெரியும், தலாயா பேரு தெரியாது. நம்ம ஆபீஸ்லயும் இதே கதைதானே!

பவுடர் வந்துடுச்சு, ஆனா கைக்குழந்தைக்கு அது போதாது. எருமைப்பாலில் கொழுப்பு கிட்டத்தட்ட ஏழு சதவீதம், பசும்பாலில் நாலு. அதைவிடப் பெரிய சிக்கல், எருமைப்பால் குழந்தை வயித்துக்குள்ள போனதும் கெட்டித் தயிர் மாதிரி உறைஞ்சுக்கும், செரிக்காது. இந்தச் சிக்கலை எடுத்துக்கிட்டது மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். வி.சுப்ரமணியன் அதன் முதல் இயக்குநர். கொழுப்பைக் குறைச்சு, பால் மென்மையா உறையும்படி அதன் உப்புகளைச் சரிபண்ணி, வைட்டமினும் இரும்புச் சத்தும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினாங்க. 1960 வாக்கில் கைரா சங்கம் அதே முறையில் அமுல் குழந்தை உணவைத் தயாரிக்க ஆரம்பிச்சது. நெஸ்லேயும் 1961-ல் பஞ்சாப் மோகாவில் ஆலை போட்டது. தட்டுப்பாடு ஒரு தொழிலையே உண்டாக்கிருச்சு. ஒரு இன்ஜினியரா எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

ஆனா கதை அங்க முடியல. உள்ளூர்லயே ஆலை வந்தப்புறமும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டின்னுக்குத் தட்டுப்பாடு வந்துக்கிட்டே இருந்தது. வரிசை, பதுக்கல், நாடாளுமன்றத்தில் கேள்வி. என் அப்பாயி இதைச் சொல்லக் கேட்டிருக்கேன். டவுனுக்குப் போறவங்ககிட்ட எல்லாம் "ஒரு டின் கிடைச்சா வாங்கியாடா"ன்னு சொல்லிவிடுவாங்களாம். உற்பத்தி கூடக்கூட தேவையும் கூடினது எப்படி?

தாய்ப்பால் எப்படி ஊறுதுன்னு தெரிஞ்சா இதுக்குப் பதில் கிடைச்சிடும். அது டேங்க்ல ரொப்பி வெச்சிருக்கிற சரக்கு இல்லை. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். குடிக்கிறது குறைஞ்சா, உடம்பு தேவை குறைஞ்சிடுச்சுன்னு நினைச்சு ஊறுறதைக் குறைச்சுக்கும். இப்ப யோசிங்க. பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு டின் இலவசமா குடுக்குறாங்க. நாலு நாள் புட்டிப்பால். அஞ்சாவது நாள் தாய்க்குப் பால் இல்லை. இனிமே டின்தான், காசு குடுத்து. ஃப்ரீ ட்ரையல் முடிஞ்சப்புறம் அன்சப்ஸ்கிரைப் பட்டனே இல்லாத ஆப் மாதிரி. வசதியான வீடு வாங்கிடும். வசதி இல்லாத வீட்டுல ரெண்டு ஸ்பூன் போடற இடத்துல ஒரு ஸ்பூன் போட்டு, தண்ணியை ஊத்தி ஒரு டின்னை ஒரு மாசம் ஓட்டுவாங்க. தண்ணியே சுத்தமா இல்லாத ஊர்ல அது வயித்துப்போக்கில் முடியும். சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் 1939-லேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்துல நின்னு, குழந்தைகளுக்கு இனிப்புக் கட்டிப்பாலைத் தலையில் கட்டுறது கொலைக்குச் சமம்னு பேசினாங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் பிழைக்கப் போயிருந்த சிங்கப்பூர்.

இது உலகச் சண்டையா மாற நாப்பது வருஷம் ஆச்சு. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு. 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்பதற்கான நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. ஆதரவு 118. எதிர்ப்பு 1. அந்த ஒரு நாடு அமெரிக்கா. அந்தப் பேரவையில் இந்திரா காந்தியும் பேசினாங்க. 1983-ல் இந்தியா தன் சொந்த நெறிமுறையை அறிவித்தது, அதுக்குச் சட்ட பலம் இல்லை. 1992-ல்தான் சட்டம் வந்தது, 1993 ஆகஸ்ட் 1 முதல் அமல். பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அதே காலத்துல, ஒரு பொருளுக்கு மட்டும் விளம்பரத்தையே மூடின சட்டம். 2003-ல் திருத்தி இன்னும் இறுக்கினாங்க.

சட்டம் என்ன சொல்லுது? விளம்பரம் கூடாது. தாய்க்கு இலவச சாம்பிள் கூடாது. தள்ளுபடி கூடாது. ஆஸ்பத்திரியில் போஸ்டர் கூடாது. டின் மேல குழந்தை படமோ பெண் படமோ கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் கட்டாயம். மீறினா மூணு வருஷம் வரை சிறை. சிதம்பரத்துல மழையில நனைஞ்சுக்கிட்டே நான் கேட்ட கேள்விக்குப் பதில், நான் பிறக்குறதுக்கு முன்னாடியே போட்ட இந்தச் சட்டம்.

எனக்கு இந்தச் சட்டத்து மேல மரியாதை இருக்கு. இந்த நேரத்துல உலகத்துல இருக்கிற கடுமையான சட்டங்களில் இதுவும் ஒண்ணு. அதே சட்டத்துல இன்னொரு பிரிவு இருக்கு, அதைப் பாக்கிறதுக்கு நாம கடலூர் கடற்கரைக்குப் போகணும்.

2004 டிசம்பர் 26. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுக்குப்பம், பிச்சாவரத்துக்குக் கிழக்கே எம்.ஜி.ஆர். திட்டு. மாவட்டத்துல மட்டும் அறுநூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க. அப்ப கலெக்டர் ககன்தீப் சிங் பேடி. எனக்கு ஏழு வயசு. நிவாரண லாரியில வந்த பழைய துணி ரோட்டோரம் மலையா கிடந்தது இன்னும் கண்ணுல நிக்குது. மனசு இரங்கினவங்க கையில கிடைச்சதை எல்லாம் அனுப்பினாங்க. பேரிடர்னாலே அனுப்புறவங்க மனசுல முதல்ல வர்றது குழந்தைக்குப் பால் பவுடர். ஆனா கிணறெல்லாம் உப்பாகிப்போன ஊர்ல, அடுப்பே இல்லாத முகாம்ல, எந்தத் தண்ணியில அதைக் கரைப்பீங்க? புட்டியை எதுல கொதிக்க வைப்பீங்க? பேரிடர் முகாம்களில் ஃபார்முலாவைக் கண்டபடி விநியோகிக்காதீங்கன்னு யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் அப்பவே எச்சரிச்சாங்க. 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கு அப்புறம் கணக்கெடுத்தப்ப, நன்கொடை ஃபார்முலா வாங்கின வீட்டுக் குழந்தைகளுக்கு வயித்துப்போக்கு மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல இருந்தது.

நம்ம 1992 சட்டப்படி, அனாதை இல்லத்துக்குத் தவிர வேற யாருக்கும் ஃபார்முலாவையோ புட்டியையோ தானமா குடுக்கவே கூடாது. நிவாரணத்துக்கு டின் வாங்கி அனுப்புற பலருக்கு, தாங்க செய்றது சட்டப்படி குத்தம்னு தெரியவே தெரியாது. 2015-ல் எனக்கும் தெரியாது. எங்க காலேஜ் பசங்க குரூப்ல நானே "பேபி ஃபுட் அனுப்புங்க"ன்னு மெசேஜ் போட்டிருக்கேன்.

அப்ப நிஜமாவே பால் இல்லாத தாய் என்ன பண்ணுவா? தாய் செத்துப்போன பிள்ளை? அதுக்கும் சட்டத்துல ஒரு வரி இருக்கு. தாய்ப்பால் கொடுக்க முடியாத, ஃபார்முலா வாங்கவும் வசதி இல்லாத தாய்க்கு மருத்துவ அமைப்பு வழியா கொடுக்கலாம். லாரி வழியா இல்லை, டாக்டரும் நர்சும் பாத்துக் கொடுக்கலாம். எட்டாவது பிரிவு. எல்லாரும் பேசுறது விளம்பரத் தடையைப் பத்தி. இந்த வரியைப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு என்னவோ இந்த வரியை நிறைவேத்த ஆள் வேணும், நேரம் வேணும், அதனாலதான் இதை யாரும் பெருசா எடுத்துக்கலன்னு தோணுது. கப்பலை அனுப்புறதுக்கு ஒரு கொடி போதும்.

2015 ஆகஸ்ட்ல, வெள்ளத்துக்கு நாலு மாசம் முன்னாடி, முதலமைச்சர் ஜெயலலிதா பஸ் ஸ்டாண்டுகளில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தார். கூடவே ஏழு அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி. நல்ல விஷயம். அந்த ஏழில் கடலூர் இல்லை.

சரி, டிசம்பருக்குத் திரும்புவோம். அந்த ஒரு டின்னோட வீட்டுக்குப் போனோம். ரெண்டு நாள் கழிச்சு, தண்ணி வடிய ஆரம்பிச்சப்ப, அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியர் ஒருத்தங்க வெள்ளக் கணக்கெடுக்க வந்தாங்க. டின்னைப் பாத்தாங்க, அக்காவைப் பாத்தாங்க, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காந்துட்டாங்க. கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். பிள்ளையை அக்கா நெஞ்சோட, தோலும் தோலும் ஒட்டுற மாதிரி வெச்சு மேல சேலையால மூடினாங்க. ரெண்டு மணிக்கு ஒருதரம் பாலைப் பீச்சி எடுக்கச் சொல்லிக் குடுத்தாங்க, ராத்திரியும் விடாம. "புட்டியைத் தூக்கி வைங்க. வீட்ல சங்கு இருக்கா?" பெரியம்மா பரண்ல இருந்து பித்தளைப் பாலாடையை எடுத்துக்கிட்டு வந்தாங்க. சின்ன ஆஸ்பத்திரியிலேர்ந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் எடை குறைஞ்ச பிள்ளைக்குப் பால் புகட்ட இன்னிக்கும் நம்ம ஊர்ல அதைத்தான் எடுக்குறாங்க. கழுவுறது சுலபம், புட்டி மாதிரி மூலை முடுக்குல அழுக்கு நிக்காது. பீச்சின பாலையும், பத்தாததுக்கு டின் பாலையும் அதுலயே புகட்டினோம். வாரம் போகப் போக டின்னோட பங்கு குறைஞ்சது. அந்த டின்னே கடைசி வரைக்கும் தீரல.

எல்லா வீட்டுலயும் இப்படி நடக்கும்னு நான் சொல்ல வரல. என் டீம்லயே ஒருத்தங்களுக்கு எவ்வளவு முயற்சி பண்ணியும் பால் வரல. ஃபார்முலாவில்தான் அவங்க பொண்ணு வளர்ந்தா, ஜம்முன்னு இருக்கா. ஃபார்முலாவை வில்லன் ஆக்குறவங்க அந்தத் தாய் முகத்தைப் பாத்துப் பேசணும்.

இந்த எபிசோடுக்காக அக்காகிட்ட கேட்டேன். அந்த நாள்ல உனக்கு என்னக்கா ஞாபகம் இருக்குன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னா: "வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் டின் கெடச்சுச்சா டின் கெடச்சுச்சான்னுதான்டா கேட்டாங்க. அந்த நர்சம்மாதான் நீ காலையில சாப்ட்டியான்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா நான் சரியாவே சாப்பிடல. யாருக்கும் தெரியல."

பிள்ளை இப்ப ஸ்கூல் போறான். அந்த டின் பெரியம்மா அடுக்களையில இருக்கு. காஞ்ச மிளகா போட்டு வெச்சிருக்காங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.